பதினேழாவது நிமிடத்துக் கை

தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கறார் என்றால்தான் தெரியும். கடையில் நிறுத்துக் கொடுத்த சர்க்கரையை அடுத்த கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டி, "இதை எழுதினவன் ஒழுங்காப் படிச்சவன்தானா?" என்று கேட்பார். இதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நம்பிக் கெட்டவர்கள் நூறு பேரை அவருக்குத் தெரியும். சந்தேகப்பட்டுக் கெட்டவன் ஒருத்தனைக்கூட அவர் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகச் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவை வைத்து, பையின் வாயை ஊக்கு போட்டு மூடிக்கொண்டு திரிந்தார். குளிக்கப் போகும்போது சட்டையையும் கூடவே கொண்டுபோனார். வீட்டில் இருந்தது மருமகள் ஒருத்திதான். அவளிடமும் கொடுக்கவில்லை.

மகன் லாரி ஓட்டுகிறவன். ஒரு சரக்குக் கிடங்கின் முற்றத்தில் அவன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சுமைக்காரர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கிச் செத்துப்போனார். "நான் நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன், அவன் காதுலயே வாங்கல" என்று கிடங்கின் மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். "அவர்தான் கையை ஆட்டி வா வான்னு கூப்பிட்டார்" என்றான் மகன். மேற்பார்வையாளர் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருந்தார். மகன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையில் ரத்தம் இருந்தது. யார் பேச்சு எடுபடும்? மகனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

கிடங்குக்கு எதிரே ஒரு டயர் கடை. அதன் நெற்றியில் ஒரு கேமரா, நேரே கிடங்கு முற்றத்தைப் பார்த்தபடி. விபத்து நடந்து பன்னிரண்டாம் நாள் கறார் அதைக் கவனித்தார். கடைக்காரரைக் கெஞ்சவில்லை, அது அவருக்கு வராது. போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கடை சாத்துகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தார்.

அரை மணி நேரப் படம். பதினேழாவது நிமிடத்தில் மேற்பார்வையாளர் சாம்பல் சுவரோரமாக, சாம்பல் சட்டையில், ஒதுங்கி நிற்கிறார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கமாக மடக்கி இழுக்கிறார். ஒருமுறை. திரும்ப ஒருமுறை. வா, வா. அதற்குப் பிறகுதான் லாரி நகர்கிறது. மொத்தமே ரெண்டு விநாடி இருக்கும்.

"பார்த்தீரா?" என்றார் கறார்.

"நான் எதையும் பார்க்கல பெரியவரே. இந்தாங்க, பென் டிரைவ் குச்சியில போட்டுத் தரேன், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. யார் கேட்டாலும் நான் பார்க்கலைன்னுதான் சொல்வேன். நாளைக்கும் நான் அந்தக் கிடங்கு வண்டிக்குத்தான் டயர் மாட்டணும். இன்னொண்ணு, இந்தப் பெட்டியில பதினஞ்சு நாள்தான் நிக்கும். அதுக்கப்புறம் பழசு மேல புதுசு ஏறிடும். வந்தீங்களே, அதுவே உங்க நேரம்."

அன்றைக்குப் பதினான்காம் நாள்.

விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம் வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. வீடியோ ஆதாரம் இருந்தால் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும், இடையில் எங்கும் வெட்டியிருக்கக் கூடாது, நூறு எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கறார் எழுத்துக்கூட்டிப் படிப்பார். முதல் பக்கத்தைப் படித்து முடிக்கவே அரை மணி நேரம் பிடித்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் இன்னும் நாலு வரி இருந்தது.

குச்சியில் இருந்ததோ ரெண்டு ஜிபி. "அண்டாத் தண்ணியை டம்ளர்ல ஊத்தச் சொல்றாங்க மாமா" என்றாள் மருமகள். அவள் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு வீடியோ கடைக்குப் போனாள்.

கடை மாடியில் இருந்தது. ஒரு அறை, ரெண்டு திரை, சுவர் முழுக்கச் சிரிக்கிற குடும்பங்களின் படம். வீடியோக்காரர் நாற்பது வயதுக்காரர், கழுத்தில் ஹெட்போனை மாட்டியபடியே பேசுகிறவர். கறார் உள்ளே நுழைந்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் அந்தக் கிடங்கின் பெயர். அந்தத் தெருவில் முடி வெட்டுகிற கடையில்கூட அதே காலண்டர்தான் தொங்கியது. ஆனால் கறார் பார்த்தது இந்த ஒன்றைத்தான். அவர் முகம் கதவடைத்துக்கொண்டது.

"குடுங்க பெரியவரே, பார்க்கலாம்."

"பார்க்கவெல்லாம் வேணாம். சின்னது பண்ணு, போதும்."

"பார்க்காம எப்படிங்க பண்றது? கண்ணைக் கட்டிக்கிட்டு முடி வெட்டச் சொல்றீங்களே." வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே குச்சியைச் சொருகினார். "நிறைய வழி இருக்கு. அளவைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கலாம், ரெண்டையும் கலந்தும் பண்ணலாம். இதுல எந்த இடம் உங்களுக்கு முக்கியம்? அதைச் சொன்னா அந்த இடம் கெடாமப் பார்த்துக்கறேன்."

மருமகள் வாயைத் திறந்தாள். கறார் அவளை ஒரு முறை முறைத்தார்.

"எல்லா இடமும் முக்கியம்தான்" என்றார்.

"மாமா, அந்த..."

"நீ கம்பெனிக்குக் கிளம்பும்மா. நேரமாகுது."

அவள் வீடியோக்காரரைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். நேரம் உண்மையிலேயே ஆகிக்கொண்டிருந்தது. "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் பண்ணிக் குடுங்க. மாமா, அவர் சொல்றபடி கேளுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் அந்தப் படத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தையல் கம்பெனி மேனேஜர் அறையில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "ஊருக்கே தண்டோரா போடறியா?" என்று கறார் சொல்லிவிட்டார்.

வீடியோக்காரர் பொறுமைசாலி. ஒரு பெட்டியைத் திரையில் காட்டி விளக்கினார்.

"இங்க ஒரு நம்பர் கேக்கும் பாருங்க. பூஜ்யத்துல இருந்து அம்பத்தொண்ணு வரைக்கும். நம்பர் சின்னதா இருந்தா படம் அசல் மாதிரியே இருக்கும், ஆனா ஃபைல் பெருசாகும். நம்பர் ஏற ஏற ஃபைல் இளைக்கும், படமும் இளைக்கும். உங்களுது நல்ல பெரிய அளவுல எடுத்த படம். இதை இதே அளவுல வச்சு நூறு எம்பிக்குள்ள அடக்கணும்னா நாப்பத்திரண்டு போடணும். அது ரொம்பத் தப்பு. அதுக்குப் பதிலா படத்தோட அளவை நாலுல ஒரு பங்காக் குறைச்சிட்டு இருபத்துமூணு, இருபத்துநாலு வச்சா அழகா அடங்கிடும். ஆள் சின்னதாத் தெரிவான். ஆனா ஆள் ஆளாத் தெரிவான்."

கறார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நாற்பது வருஷம் மேஜை நாற்காலிக்கு உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் போட்டவர். எண்பதாம் நம்பர் தாளில் தேய்த்தால் மரம் கரகரவென்று இருக்கும். நூற்றிருபதில் அடங்கும். நானூறில் கண்ணாடி மாதிரி வழுக்கும். நம்பர் கூடினால்தான் வேலை சுத்தம். இது அவர் விரல் நுனிக்குத் தெரிந்த விஷயம். இப்போது ஒருத்தன், அதுவும் கிடங்குக் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறவன், நம்பரைக் குறை, ஆளையும் சின்னதாக்கு என்கிறான்.

"ஏன் தம்பி, நம்பர் குறைஞ்சா நல்லதுன்னு உலகத்துல எவனாவது சொல்வானா? பரீட்சையில அம்பத்தொண்ணு வாங்கினவன் ஒசத்தியா, இருபத்துமூணு வாங்கினவன் ஒசத்தியா?"

"இது பரீட்சை இல்லீங்க. இதுல நம்பர்ங்கறது எவ்வளவு தூக்கி எறியறோம்ங்கற கணக்கு."

"என் காதுல பூ சுத்தாதே. ஆளைச் சின்னதாக்கினா அவன் என்ன பண்றான்னு எப்படித் தெரியும்? படத்தோட அளவு அப்படியே இருக்கணும். நம்பரும் பெருசாவே இருக்கணும்."

"யார் என்ன பண்றாங்கன்னு தெரியணும், பெரியவரே?"

கறார் காலண்டரைப் பார்த்தார்.

வீடியோக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி. ரெண்டு மாதிரியும் பத்து விநாடி பண்ணிக் காட்டறேன். உங்க கண்ணே சொல்லட்டும்."

அவர் படத்தின் தொடக்கத்திலிருந்து பத்து விநாடியை எடுத்தார். அதில் லாரி நின்றுகொண்டிருந்தது. முற்றத்தில் ஆளே இல்லை. இடது திரையில் அளவு குறைத்த படம், சின்னதாக, அசலில் இருந்த புள்ளி புள்ளியான கரகரப்புடன். வலது திரையில் பெரிய படம், நாற்பத்திரண்டு. கரகரப்பெல்லாம் அடங்கி, சுவர் வழவழவென்று பட்டி பார்த்துத் தேய்த்த மாதிரி இருந்தது. லாரியின் நம்பர் பலகைகூடப் படிக்கிற மாதிரிதான் தெரிந்தது. அசையாத பொருள் எதுவும் அதில் அவ்வளவாகக் கெடாது.

"இதை வச்சுக்கிட்டா ரொம்பத் தப்புன்னு சொன்னே?" என்றார் கறார். ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

"நிக்கறது நல்லாத்தான் இருக்கும். வேகமா அசையறதுதான் அடிபடும். ஏதாவது அசையற இடமாக் காட்டுங்க, பார்த்துடலாம்."

அசைகிற இடம். கறாருக்கு அந்தப் பதினேழாவது நிமிடம் கண்முன் வந்து நின்றது. விரல் நீட்டிக் காட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் காட்டினால் இவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் இவன் போன் போடுவான். போன் போட்டால் மேற்பார்வையாளன் புதுசாக ஒரு கதை கட்டுவான். 'ஆமாம், கையைக் காட்டினேன், ஒதுங்கிப் போன்னுதான் காட்டினேன்' என்பான். ரெண்டு விநாடியை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதர் அதைக் கடைசிவரை மூடித்தான் வைப்பார்.

"வேணாம். நாப்பத்திரண்டே போடு."

"உங்க இஷ்டம்" என்றார் வீடியோக்காரர். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடக் கறார் கொஞ்சம் யோசித்திருப்பார்.

வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. தொண்ணூற்றாறு எம்பி. கறார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இப்ப உன் பெட்டியில இருக்கறதை அழி."

"அழிச்சிடறேன்."

"என் கண் முன்னால அழி. குப்பைத்தொட்டியிலயும் அழி. என் மருமக சொல்லியிருக்கா, இதுல குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்காமே."

வீடியோக்காரர் அழித்துக் காட்டினார்.

"குச்சியிலயும் பழசு இருக்கக் கூடாது. புதுசு மட்டும் போதும்."

வீடியோக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். "பெரியவரே, அது அசல். அதை வச்சுக்குங்க. குச்சியில இடம் தாராளமா இருக்கு."

கறாருக்கு அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் அண்ணனோடு வீட்டைப் பாகம் பிரித்தபோது அவர் கையில் ரெண்டு பத்திரம் இருந்தது, ஒன்று முதலில் எழுதியது, ஒன்று திருத்தி எழுதியது. ரெண்டையும் நம்பிக்கையோடு கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டினார். "இதில் எது நிஜம்?" என்று கேட்டு ரெண்டையுமே தள்ளிவிட்டார்கள். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்: எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

"ரெண்டு இருந்தா எது நிஜம்னு கேப்பான். அழி."

"சொல்றதைக் கேளுங்க..."

"அழின்னா அழி. உனக்கென்ன அதுல அவ்வளவு அக்கறை?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த மனிதன் வாயைத் திறப்பான்? வீடியோக்காரர் அழித்து, அது இருந்த இடத்தையும் சுத்தமாகத் துடைத்தார்.

மறுநாள் மருமகள் ஒரு பிரவுசிங் சென்டரில் அதை அலுவலகத்துக்கு ஏற்றினாள். "ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா மாமா?" என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் எவனோ உட்கார்ந்திருந்தான். கறார் திரையைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "ஏத்து, போதும்" என்றார்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர். மின்விசிறிக்குப் பறக்காமல் காகிதங்களின் மேல் செல்போன் சார்ஜரை வைத்திருந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். அதனாலேயே கறார் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த இடம்னு சொல்லுங்க, பெரியவரே."

"பதினேழாவது நிமிஷம்மா. சுவரோரமா நிக்கிறான் பாருங்க. அவன் கையைப் பாருங்க."

அந்த அம்மாள் ஓட்டினார். கறார் குனிந்து பார்த்தார். மருமகள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதுதான் முதல் தடவை.

சுவர் இருந்தது. சுவரோரமாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. அது மனிதன்தான் என்று சொல்லலாம். பிறகு அதன் பக்கவாட்டில் சுவர் கொஞ்சம் கலங்கியது, ஈரத்துணியால் துடைத்த மாதிரி. நாலைந்து சதுரக் கட்டங்கள் தோன்றி மறைந்தன. பிறகு லாரி நகர்ந்தது.

"கைன்னு எதைச் சொல்றீங்க?" என்று கேட்டார் அதிகாரி. கிண்டலாக இல்லை. உண்மையிலேயே தேடினார்.

"இன்னொரு தடவை போடுங்கம்மா."

போட்டார். நிறுத்தி நிறுத்திப் போட்டார். பெரிதாக்கிப் போட்டார். பெரிதாக்கினால் கட்டங்கள்தான் பெரிதாயின.

"வா வான்னு கூப்பிட்டான்மா. ரெண்டு தடவை. நான் பார்த்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம். நிறுத்துன்னும் காட்டியிருக்கலாம். கையையே தூக்காமலும் இருந்திருக்கலாம். இதுல எதுவும் தெரியலையே. அசலைக் கொண்டாங்க. கடிதத்துலயே போட்டிருக்கோமே, பின்பக்கத்துல. அசல் பதிவைப் பத்திரமா வச்சிருக்கணும், கேட்டாத் தரணும்னு."

மருமகள் சட்டென்று, "இருக்குங்க மேடம், குச்சியிலதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப்பையின் ஊக்கைக் கழற்றவில்லை. வெறுமனே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"மாமா," என்றாள்.  திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அன்றைக்கே டயர் கடைக்குப் போனார்கள். பெட்டியில் போன பதினைந்து நாள்தான் இருந்தது. மாடி ஏறி வீடியோக்காரரிடம் போனார்கள். அவர் கம்ப்யூட்டரில் மூன்று கல்யாணம் ஏற்றி இறக்கியிருந்தார். இருந்தாலும் அழிந்ததை மீட்கிற ஏதோ ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். குச்சியிலும் பார்த்தார். அதில் பழசு இருந்த இடத்தை அன்றைக்கே துடைத்தாயிற்று. கம்ப்யூட்டரில் மட்டும் அரைகுறையாக ஒரு துண்டு கிடைத்தது. அதில் லாரி நின்றுகொண்டிருந்தது.

"தம்பி, நாப்பத்திரண்டைத் திரும்ப இருபத்துமூணா மாத்தினா?" என்று கேட்டார் கறார்.

"மாத்தலாம். ஃபைல் பெருசாகும், அவ்வளவுதான். போன கை போனதுதான்." வீடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியவரே. அந்த ரெண்டு விநாடியைக் கண்ணுல வச்சுக் காப்பாத்தியிருப்பேனே."

கறார் கதவுப் பக்கம் பார்த்தார். "அந்தக் கிடங்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வீடியோக்காரர் அவர் பார்வையைத் தொடர்ந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். அவருக்கு அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல இருந்தது.

வியாழக்கிழமை மகனைப் பார்க்கிற நாள். மருமகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அல்லது அவள் கேட்கவில்லை. கறார் தனியாகப் போனார். நடுவில் ரெண்டு வரிசைக் கம்பிவலை, ரெண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். மகன் இளைத்திருந்தான். வலையில் விரலை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா, வீடியோ பார்த்தாங்களா?"

கறாருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "பார்த்தாங்க. கை தெரியல. சின்னது பண்றப்போ கெட்டுப்போச்சு. அசலை நான்தான் அழிக்கச் சொன்னேன். என்னாலதான்டா போச்சு."

மகன் காதில் கையை வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னார், கத்தி. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகன் வலைக்கு இன்னும் நெருங்கி வந்தான். "அப்பா, நிஜமாவே அவர் என்னைக் கூப்பிட்டாரா?"

"என்னடா கேக்கறே? நீதானே சொன்னே?"

"சொன்னேன். தினம் படுத்துக்கிட்டு அதையே நினைச்சுப் பார்க்கறேன். கண்ணாடியில அவர் கை தெரிஞ்சுது. இப்படி ஆட்டினாரா, அப்படி ஆட்டினாரான்னு இப்போ எனக்கே குழம்புது. நிறுத்துன்னுதான் காட்டினாரோ? நான்தான் அந்த ஆளைக் கொன்னுட்டேனோ? படம் இருக்கேன்னு இருந்தேன். படத்தைப் பார்த்தா எனக்காவது தெரியும்னு இருந்தேன்."

"கூப்பிட்டான்டா! ரெண்டு தடவை கூப்பிட்டான். வா, வான்னு. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

மகன் அவரையே பார்த்தான். நாற்பது வருஷம் ஊரில் ஒருத்தன் சொல்லையும் நம்பாத மனிதரை எப்படிப் பார்ப்பதோ அப்படிப் பார்த்தான்.

"அவ பார்த்தாளா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"டயர் கடைக்காரர்?"

"அவன் பார்க்கலைன்னு சொல்லுவான்."

"ம்" என்றான் மகன். "சரிப்பா. எனக்காகச் சொல்றீங்க. பரவாயில்ல."

"உனக்காகச் சொல்லலடா, பார்த்தேன்டா!" கறார் வலையை ரெண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். "நான் என்னைக்குடா பொய் சொல்லியிருக்கேன்?"

காவலர் வந்து மகனின் தோளைத் தட்டினார். மகன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். கறார் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை மடக்கி இழுத்து, இப்படித்தான்டா, இப்படித்தான், என்று காட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு உயரமான ஆள் வந்து நின்றுகொண்டான். நாலாவது குழுவுக்கான நேரம் தொடங்கிவிட்டது, பார்த்து முடித்தவர்கள் வெளியே போகவும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.